பிரேக் மாஸ்டரின் வலது கால்

அடுப்பில் பால் பொங்கி வருகிறது. சமையலறை வாசலில் நிற்கும் பிரேக் மாஸ்டர் ஓடிப்போய் அடுப்பை அணைக்கவில்லை. நின்ற இடத்திலேயே வலது காலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதிக்கிறார். பால் நிற்கவில்லை. அது தன்பாட்டுக்குப் பொங்கி, வழிந்து, அடுப்பையும் அணைத்துவிட்டு, மேடையிலிருந்து சொட்டத் தொடங்குகிறது.

"போட்டேனே!" என்கிறார் மாஸ்டர், தன் காலைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு.

"அது பாலுங்க. உங்க ஸ்டூடன்ட் இல்ல," என்கிறாள் மனைவி. துடைக்கும் துணி அவள் கையில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. இந்த வீட்டில் அடுப்பு எப்போதும் இப்படித்தான் அணைகிறது.

மாஸ்டருக்கு வேலை, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அந்தப் பயிற்சிக் காரில் எல்லாம் ஒன்றொன்று. பிரேக் மட்டும் இரண்டு. ஒன்று கற்றுக்கொள்கிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்து இருக்கையில் மாஸ்டர் காலடியில். மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர் அந்தப் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஒருவர் எதன் மீதாவது மோதப்போகிறார் என்றால் முதலில் அவர் காலுக்குத் தெரியும். தலைக்குச் செய்தி அப்புறம்தான் போகும். வாயிலிருந்து தானாக ஒரு மந்திரம் வரும்: "பாத்து... பாத்து... மெதுவா."

பிரச்சினை என்னவென்றால், காரிலிருந்து இறங்கிய பிறகும் கால் வேலையிலிருந்து இறங்குவதில்லை. பஸ்ஸில் போனால் ஓட்டுநருக்குப் பின்னால் நின்றுகொண்டு வழிநெடுக மிதித்து, இறங்கும்போது நொண்டிக்கொண்டு இறங்குவார். சினிமாவில் கதாநாயகன் மலையுச்சி வளைவில் திரும்பினால், முன்வரிசைக்காரர் முதுகில் இடி விழும். மேல்வீட்டுக்காரர் தன் மனைவியிடம், "உன் தம்பி இருக்கானே..." என்று ஆரம்பித்தால் போதும், கீழே மாஸ்டர் மிதித்துவிடுவார். வீட்டு சோபாவுக்கு முன்னால் கிடக்கும் விரிப்பு மற்ற இடமெல்லாம் புதுசு. வலது ஓரத்தில் மட்டும் பாத அளவுக்கு ஓர் ஓட்டை.

இப்படிப்பட்ட மனிதர்தான் மாலைக் கல்லூரியில் காவலியலும் சமூக அறிவியலும் பட்டப்படிப்பு படிக்கிறார்.

போலீஸில் சேரும் வயதெல்லாம் மலையேறிப் போய்விட்டது. பின் எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார். டிரைவிங் ஸ்கூல் ஓனரிடம், "சாலைப் பாதுகாப்புக்கு உதவும் சார்" என்பார். மேல்வீட்டுக்காரரிடம், "சும்மா இருக்கிற மூளைக்கு ஒரு ஆயில் சர்வீஸ்" என்பார். உண்மையான காரணத்துக்கு ஒரு புருவம் இருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

படிப்பது காரில்தான். ஒரு மாணவர் இறங்கி அடுத்தவர் ஏறுவதற்குள் புத்தகத்தை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்து இரண்டு பக்கம். படித்ததை உடனே செலவழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குச் செரிக்காது. "கிளட்சை விடுங்க... இன்னும் கொஞ்சம்... சமூகக் கட்டுப்பாடு தளர்ந்தா குத்தம் கூடும்... ஆக்ஸிலேட்டர்... ஆனா அதிகமா இறுக்கினாலும் கூடும்... இண்டிகேட்டர் எங்க?" என்று வரும் பாடத்தில் எது காருக்கு, எது சமூகத்துக்கு என்று மாணவர்களே பிரித்துக்கொள்ள வேண்டும். மூன்று தடவை லைசென்ஸ் தேர்வில் தோற்ற ஒரு தையல்காரம்மா, குற்றவியலில் மட்டும் இப்போது யாருடனும் வாதாடுவார்.

ஒரு வாரம், முத்திரை குத்துதல் என்ற பாடம் நடந்தது. ஒருவனைத் திருடன் திருடன் என்று ஊரே சொன்னால் கடைசியில் அவன் திருடனாகவே ஆகிவிடுவான் என்பது சாரம். மாஸ்டர் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தார். காலையில் காரின் முன்னும் பின்னும் இருந்த 'எல்' போர்டுகளைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டார்.

"ஏன்யா கழட்டின?" என்று ஓனர் குதித்தார்.

"கத்துக்குட்டி கத்துக்குட்டின்னு எழுதி ஒட்டினா, அவங்க எப்படி சார் கத்துக்குவாங்க? நாமதான் அவங்கள கத்துக்குட்டியாவே வச்சிருக்கோம்."

அன்று போர்டு இல்லாத காரில் தையல்காரம்மா ஒரு ரவுண்டானாவைச் சுற்ற ஆரம்பித்து, வெளியே வரும் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அவருக்கு வேறு பல முத்திரைகளைக் குத்தினார்கள். டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் வந்து அபராதமும் போட்டார். மாஸ்டர் அவரிடம் கோட்பாட்டை விளக்கினார். அபராதம் இன்னும் கொஞ்சம் கூடியது.

சரி, புருவம்.

மாஸ்டருக்கு ஒரே மகள். பதினெட்டு வயது. அக்கம்பக்கத்தில் அவளுக்கு 'வாலு' என்று பெயர். அந்தப் பெயருக்கு இதுவரை அவள் எந்தக் குறையும் வைத்ததில்லை. சின்ன வயதில் அப்பாவிடம் மூச்சு விடாமல் பேசியவள், திடீரென்று ஒருநாள் அகராதியைச் சுருக்கிக்கொண்டாள். ஸ்கூலில் என்ன நடந்தது? ஒண்ணுமில்ல. ஏன் முகம் வாடியிருக்கு? ஒண்ணுமில்ல. யாரோட போன்? ஒண்ணுமில்ல. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், இடது புருவத்தில் பாதி இல்லாமல் வீட்டுக்கு வந்தாள். பாதி இருக்கிறது; பாதி சுத்தமாக வழித்த தரை.

"இந்தப் புருவத்துக்கு என்னடி ஆச்சு?"

"எந்தப் புருவம்?"

"இந்தா, இந்தப் பக்கம், பாதி!"

"ஒண்ணுமில்ல."

மாஸ்டர் கத்தினார், கெஞ்சினார், ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொன்னார். ஐஸ்கிரீமைத் தின்றுவிட்டு, "ஒண்ணுமில்லப்பா" என்றாள். புருவம் முளைத்துவிட்டது. வழக்கு மட்டும் முடியவே இல்லை.

அதே வாரம் கடைத்தெருவில் ஒரு சின்ன விபத்து. சைக்கிளில் வந்த ஒருவர் விழுந்து, பேச்சே வராமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஆளாளுக்கு, "என்ன ஆச்சு, யாரு இடிச்சா, நம்பர் பாத்தீங்களா?" என்று கத்தினார்கள். மாஸ்டரும் தன் பங்குக்குக் கத்தினார். ஓர் இளம் போலீஸ்காரி வந்து, அவர் பக்கத்தில் அதே நடைபாதையில் உட்கார்ந்து, "நான் இங்கதான் இருக்கேன். உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லுங்க" என்றாள். பிறகு வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மாஸ்டர் வாயைப் பிளந்து நின்றார். இதை எங்கே கற்றுக்கொடுக்கிறார்கள் என்று அவளிடமே கேட்டார். மறுவாரம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மனைவிக்கு மட்டும் இந்தக் காரணம் தெரியும். அவள் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். "ஒருத்தர் வாயத் தெறக்க வைக்கிறதுக்கு டிகிரியா? எங்க டாக்டர் ஒரு லைட்டப் போட்டு 'ஆ' சொல்லுங்கன்னு சொல்வாரு, தெறந்துருவாங்க," என்று சிரித்தாள். ஆனால் சேர்க்கைக்குப் போனபோது அவருக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தது அவள்தான்.

எழுத்துத் தேர்வெல்லாம் மாஸ்டருக்கு ஊதித் தள்ளுகிற வேலை. மாட்டிக்கொண்டது ஒரே ஒரு செய்முறைத் தேர்வில்: விசாரணை நேர்காணல். ஒரு சின்ன அறை, ஒரு மேசை, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி. எதிரே சந்தேக நபராக ஒரு நடிகர். பகலில் மருத்துவக் கல்லூரியில் வயிற்றுவலிக்காரராகவும் நெஞ்சுவலிக்காரராகவும் படுப்பார், சாயங்காலம் இங்கே வந்து திருடராக உட்காருவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மதிப்பெண் போடுகிறவர், ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரம்மா. விதி எளிது. அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்கக் கூடாது. நடந்ததைச் சொல்லச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். போதுமான அளவு சும்மா இருந்தால் நடிகர் உண்மையைச் சொல்லிவிடுவார். அவருக்கு அப்படித்தான் உத்தரவு.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையின் வாயைப் பொத்தி அதைக் காப்பாற்றுகிற ஆளை இந்தத் தேர்வுக்கு அனுப்பினால் என்ன ஆகும்?

முதல் தடவை, செல்போன் கடைத் திருட்டு. "அன்னைக்குச் சாயங்காலம் என்ன நடந்துச்சு? உங்க வார்த்தையில சொல்லுங்க," என்று அழகாகத்தான் ஆரம்பித்தார் மாஸ்டர்.

நடிகர் முகத்தைத் துடைத்தார். கையைப் பிசைந்தார். "சார்... கடைய மூடினதுக்கு அப்புறம்... சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. யாரும் பாக்கலன்னு நெனச்சு, நான்..."

"பாத்து... பாத்து... மெதுவா!" என்றது மாஸ்டரின் வாய்.

நடிகர் கழுவுற மீனில் நழுவுற மீன். முகம் தெளிந்துவிட்டது. "நான் சாவிய ஓனர்கிட்டக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன் சார்."

"அதான பாத்தேன்!" என்று நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார் மாஸ்டர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இன்ஸ்பெக்டரம்மா எழுந்து வந்தார். "சார், நீங்க இவர விசாரிக்க வந்தீங்களா, இல்ல ஜாமீன்ல எடுக்க வந்தீங்களா?"

இரண்டாவது தடவை மாஸ்டர் உஷாராக இருந்தார். உதட்டைக் கடித்து வாயைப் பூட்டிக்கொண்டார். நடிகர் தடுமாறி, தயங்கி, உண்மையின் விளிம்புக்கு வந்துவிட்டார். "சொல்லிடறேன் சார்... அந்தப் பெட்டிய எடுத்தது..." வாயைப் பூட்டியவர் காலைப் பூட்டவில்லை. பயிற்சிக் காரில் லாரிக்கு முன்னால் போடுகிற அதே மிதி. மேசைக்கு அடியில் அந்த இடத்தில் தரை இல்லை, நடிகரின் பாதம் இருந்தது.

நடிகர் போட்ட கூச்சல் நடிப்பு இல்லை. மதிப்பெண் தாளில் இன்ஸ்பெக்டரம்மா எழுதினார்: 'ஒப்புக்கொள்ளவிருந்த சந்தேக நபர் மீது உடல்ரீதியான வன்முறை. பூஜ்யம்.' காவல் வன்முறையை ஒழிப்பது எப்படி என்று அந்த வருஷம் மாஸ்டர் எழுதியிருந்த கட்டுரைதான் கல்லூரியிலேயே முதலிடம். வன்முறைக்காகத் தோற்ற ஒரே மாணவரும் அவர்தான். நொண்டுகிற நடிகரைத் தானே காரில் வைத்து வீட்டில் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டார். வழியெல்லாம் பிரேக்கும் போட்டார்.

இனி ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் தோற்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். வேண்டுமென்றால் முதல் வருஷத்திலிருந்து மறுபடி வரலாம். மாஸ்டர் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து, "விட்டுடலாம்னு பாக்கறேன்" என்றார். சொன்னபோதே கால் ஒரு மிதி மிதித்தது.

கீச்.

வீட்டில் ஒரு எலி இருப்பதாக மாஸ்டர் கொஞ்ச நாளாகவே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். குற்றம் நடந்த இடத்தைச் சோதனையிடும் முறைப்படி ஹாலைக் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்து, முட்டி போட்டு ஒவ்வொரு சதுரமாகத் தேடியும் இருந்தார். எலி அகப்படவில்லை. அவர் தேடாத ஒரே சதுரம், களைத்துப்போய் உட்கார்ந்து யோசித்த சதுரம். அந்த விரிப்பில், ஓட்டையின் ஓரத்துக்கு அடியில், வாலு எப்போதோ தன் பழைய ரப்பர் வாத்து ஒன்றை வைத்திருந்தாள். அமுக்கினால் கத்துகிற வாத்து.

வெறும் விளையாட்டாகத்தான் வைத்தாள். ஆனால் சில நாட்களிலேயே அவளுக்கு ஒன்று தெரிந்துபோனது. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வரத் தாமதமானால் ஒரு கீச். "கராத்தே கிளாஸ்ல சேரப்போறேன்" என்றால் ஒரு கீச். "பஸ்ஸில கூட்டம், படியில நின்னுட்டுதான் வந்தேன்" என்றால் மூன்று கீச். அப்பா வாய் திறந்து சொல்லாத பயத்தையெல்லாம் வாத்து சொல்லிவிடும்.

இன்று, "விட்டுடலாம்" என்றதற்கு ஒரு கீச். வாலு விரிப்பைத் தூக்கி வாத்தை வெளியே எடுத்தாள். மாஸ்டர் வாத்தைப் பார்த்தார். கயிறு கட்டித் தேடியதெல்லாம் கண்முன்னே வந்து போயிற்று.

"அடிப்பாவி! இதுதான் எலியா?"

"அப்புறம் திட்டுங்க. இப்ப ஒரு டீல். நான் உங்களுக்கு சந்தேக நபரா இருக்கேன். தெனமும் ப்ராக்டிஸ். வாத்து கத்துச்சுன்னா ஃபெயில். கத்தாம முடிச்சீங்கன்னா பாஸ். நீங்க அங்க பாஸானா, எனக்குக் கார் ஓட்டச் சொல்லித் தரணும்."

கடைசி வரி விழுந்ததும் வாத்து இல்லாத இடத்தில் கால் மிதித்தது. ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மகளுக்கு மட்டும் சொல்லித் தரவில்லை. கேட்கும்போதெல்லாம், "பாத்து... பாத்து... பாக்கலாம்" என்பார்.

"டீலா, இல்லையா?"

"...டீல்."

அன்றிலிருந்து வீடு காவல் நிலையமாயிற்று. வாலு சந்தேக நபராக வாழ்ந்தாள். துப்பட்டாவைத் திருகினாள், நகத்தைக் கடித்தாள், வேண்டிய நேரத்தில் கண்ணீர் வரவழைத்தாள்.

"என்ன நடந்துச்சு? உங்க வார்த்தையில சொல்லுங்க."

"சார்... என்னால மறைக்க முடியல சார்... ஒரு கொலை..."

கீச்.

"யாரடி?" என்று கேட்டது சமையலறை.

"அம்மா, விசாரணையில தலையிடாதீங்க!"

மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து பஞ்சு உருண்டைகள் கொண்டுவந்து கொடுத்தாள். மாஸ்டர் இரண்டு கன்னத்திலும் பஞ்சை அடக்கிக்கொண்டு குரங்கு மாதிரி உட்கார்ந்தார். வாய் அடங்கியது. கால் அடங்கவில்லை. காலில் கனமான புத்தகங்களைக் கட்டிப் பார்த்தார்கள். குற்றவியல் முதல் பாகம் பறந்துபோய் டீவி மேல் விழுந்தது. தேர்வு நெருங்க நெருங்க வாத்து தொண்டை கட்டிப்போகிற அளவுக்குக் கத்தியது.

விடை கிடைத்தது தரை துடைக்கிற ஒரு மாப்பால். ஞாயிற்றுக்கிழமை, விசாரணை மும்முரமாக நடக்கும்போது மனைவி ஹாலைத் துடைக்க வந்தாள். "தரை ஈரம். காலத் தூக்குங்க." மாஸ்டர் இரண்டு காலையும் சோபா மேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். வாலு ஒரு வங்கியையே கொள்ளையடித்துவிட்டு, கூட்டாளியையும் காட்டிக்கொடுத்துவிட்டு, மூக்கை உறிஞ்சி முடித்தாள். ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. மூவரும் வாத்தைப் பார்த்தார்கள். வாத்து, வேலை போன ஆள் மாதிரி, சும்மா கிடந்தது.

"என்னங்க இது!" என்றாள் மனைவி. "இவ்வளவு நாளா காலத் தொங்கப் போட்டதுதான் குத்தமா?"

தேர்வு அறைக்குள் மாஸ்டர் நுழைந்தபோது நடிகர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். கட்டட வேலைக்காரர்கள் போடுகிற, முன்பக்கம் இரும்பு வைத்த பூட்ஸ் போட்டு வந்திருந்தார். மாஸ்டர் அதைப் பார்த்துத் தலையைக் குனிந்தார். பிறகு செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நாற்காலி மேல் ஏறி, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வலது காலை அடியில் கொடுத்து, இடது தொடையை அதன்மேல் வைத்துப் பூட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டரம்மா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். சம்மணத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

வழக்கு: பள்ளிக்கூட இசை அறையிலிருந்து பெரிய டிரம் ஒன்று காணாமல் போய்விட்டது. நடிகர்தான் காவலாளி.

"என்ன நடந்துச்சு? உங்க வார்த்தையில சொல்லுங்க."

நடிகர் சுவரைப் பார்த்தார். மாஸ்டர் நடிகரைப் பார்த்தார். மின்விசிறி சுற்றியது. நடிகர் பூட்ஸைப் பார்த்தார். அந்த அமைதியில் மாஸ்டரின் தொண்டை வரைக்கும் ஏழெட்டு வார்த்தைகள் வந்து வரிசையில் நின்றன. தண்ணி வேணுமா? பயப்படாதீங்க. நீங்களா இருக்காது, எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் விழுங்கினார்.

"அந்த டிரம் சார்..." என்றார் நடிகர் மெல்ல. "இசை ரூமுக்குப் பக்கத்துலதான் என் ரூம். ராத்திரியெல்லாம் காவல், பகல்லதான் தூங்கணும். பகலெல்லாம் டம் டம் டம். தூங்கிப் பல நாளாச்சு சார். அன்னைக்கு சனிக்கிழமை, யாரும் இல்ல. நான்..."

அடியில் பூட்டிக் கிடந்த கால் துடித்தது. நாற்காலி ஒருதரம் குலுங்கியது. அவ்வளவுதான்.

"...நான்தான் சார் தூக்கிட்டுப் போனேன். மொட்டை மாடித் தண்ணித் தொட்டிக்கு மூடியா வச்சிருக்கேன். உடைக்கல சார். உடைக்க மனசு வரல."

மாஸ்டர் கேட்டதையெல்லாம் திரும்பச் சொல்லி, சரிதானா என்று கேட்டார். சரி என்றார் நடிகர். நன்றி சொல்லி, சந்தேக நபரை வாசல் வரை கூட்டிப்போனால் தேர்வு முடிந்தது. மாஸ்டர் எழுந்தார். வலது கால் எழவில்லை. அது எப்போதோ மரத்துப்போய்த் தூங்கிவிட்டிருந்தது. வெட்டின மரம் மாதிரி அவர் மேசை மேல் சாய்ந்தார்.

"பாத்து! பாத்து! மெதுவா!" என்று பாய்ந்து, அவரை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார் நடிகர்.

இன்ஸ்பெக்டரம்மாவுக்கு எழுதுவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. 'சந்தேக நபர் அதிகாரியைக் காப்பாற்றினார். தேர்ச்சி.'

மறுநாள் காலை, கடைகள் திறக்காத நேரம். பயிற்சிக் கார் தெருவில் நின்றது. முன்னும் பின்னும் 'எல்' போர்டு பளிச்சென்று மாட்டியிருந்தது. மகள் விஷயத்தில் மாஸ்டர் கோட்பாடுகளை நம்புவதில்லை. வாலு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பி முதலில் தலைமுடியைச் சரிசெய்தாள். பிறகு சாலையைப் பார்த்தாள். பக்கத்து இருக்கையின் கீழே, இரண்டாவது பிரேக்கின் மேல், வாத்து உட்கார்ந்திருந்தது.

"இது எதுக்குடி?"

"சாட்சி."

மாஸ்டர் வாத்தை எடுத்து, சாலையைப் பார்த்தாற்போல முன்பக்கம் டேஷ்போர்டு மேல் வைத்தார். செருப்பைக் கழற்றினார். காலை மடித்து இருக்கை மேல் சம்மணம் போட்டார். இத்தனை வருஷத்தில் அந்தப் பிரேக் காலியாக இருந்தது அன்றைக்குத்தான்.

கார் நகர்ந்தது. இரண்டு தரம் நின்றது. மறுபடி நகர்ந்தது. பால் வண்டி ஒன்று ஓரத்தில் நின்றிருந்தது. வாலு அதை நோக்கியே போய்க்கொண்டிருந்தாள்.

"இப்ப என்ன பண்ணலாம்னு நெனைக்கிறீங்க? உங்க வார்த்தையில சொல்லுங்க," என்றார் மாஸ்டர். குரல் கொஞ்சம் மேலே போய்விட்டது.

"அப்பா! இப்பவா?" என்று அலறி, அவளே திருப்பினாள். பால் வண்டிக்காரர் ஏதோ சொன்னார். நல்லவேளை, ஜன்னல் மூடியிருந்தது.

பெரிய ரோட்டில் சிவப்பு விளக்கு. வாலு கோட்டுக்கு முன்னால் சரியாக நிறுத்தினாள். மாஸ்டர் சபாஷ் சொல்ல வாயெடுத்தார்; சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். பழக்கம் வந்துவிட்டிருந்தது.

"அப்பா."

"ம்."

"அந்தப் புருவம்."

மாஸ்டரின் வலது கால் அடியிலிருந்து உருவிக்கொண்டு வரப் பார்த்தது. கால் கட்டைவிரலைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என் பக்கத்துல உக்காருவாளே, குட்டைப் பின்னல்... அவ வீட்டுல அடுப்பப் பத்த வைக்கும்போது குப்புன்னு எரிஞ்சு புருவம் பொசுங்கிடுச்சு. கிளாஸே சிரிச்சுது. ஒரு பையன் படம் வரைஞ்சு போர்டுல வேற போட்டான். அவ அழுது முடிக்கவே இல்ல. அதான் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவேன்ல, அப்ப... உங்க ரேசர்ல..."

அந்த ரேசரை மாஸ்டருக்கு நினைவிருந்தது. ஒரே நாளில் மழுங்கிவிட்டது என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டு வேறு பிளேடு வாங்கி வந்தார். தடயம் கையில் இருந்தது; கன்னத்திலேயே இழுத்துப் பார்த்தவர் அவர்தான்.

கேள்விகள் வரிசையில் வந்து நின்றன. ஏன் சொல்லல? கண்ல பட்டிருந்தா? சொன்னா நான் என்ன திட்டவா போறேன்? கட்டைவிரல் வெளுத்துப்போகிற அளவுக்குப் பிடித்தார்.

"ரெண்டு பேரும் பாதிப் பாதிப் புருவத்தோட உக்காந்தோம். அப்புறம் யாரும் சிரிக்கல. இல்ல, சிரிச்சாங்க, ஆனா நாங்களும் சேந்து சிரிச்சோம். வீட்ல சொன்னா நீங்க அவங்க வீட்டுக்குப் போய், அடுப்பப் பாத்து, பாத்து பாத்துன்னு... அவ இன்னும் அழுவா. அதான்..."

விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னால் ஒரு ஹாரன். இன்னொரு ஹாரன். பச்சை விழுந்து ஒரு நொடி தாமதித்தால் மாணவர்களைப் பிடித்து உலுக்குகிறவர் மாஸ்டர். வாலு கியரில் கை வைத்தபடி அவரைத் திரும்பிப் பார்த்தாள். இன்னும் சொல்ல இருந்தது, முகத்திலேயே தெரிந்தது.

மாஸ்டர் கட்டைவிரலை விட்டார். கையை நீட்டி, முன்பக்கத்து வாத்தைக் கொஞ்சம் நகர்த்தி, அதன் பின்னால் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கி, பின்னால் இருப்பவர்கள் சுற்றிப் போகட்டும் என்று நாலு இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போட்டார்.